தாளமும் தோழமையும்: வன்னியில் கூட்டு இசைப் பயில்வு பற்றிய சில சிந்தனைகள்

2016ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புதுமுக மாணவரை வரவேற்கும் நிகழ்வு கைகலப்பில் முடிந்தது. வழமையான மேள நாதசுர வரவேற்புடன் கண்டிய நடனமும் அதற்குரிய மேளங்களும் இடம்பெறலாமா என்பதே உடனடிப் பிரச்சினை. மாணவர் சிலர் காயமுற்றனர். பல்கலைக்கழகம் தற்காலிகமாக மூடப்பட்டது. இசை இனங்களை இணைக்கும் என்று மேடைதோறும் கூறக் கேட்டுப் பழகிய நமக்கு, இரு மேளங்கள் ஒரே ஊர்வலத்தில் ஒலிப்பதே கலகத்திற்குக் காரணமாகலாம் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

இந்நிகழ்ச்சியை நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. இன்று வன்னிப் பெருநிலப்பரப்பும் பல்கலைக்கழகப் புலமாகிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர் அங்கே அருகருகே பயில்கின்றனர். இவர்களிடையே தோழமை எவ்வாறு உருவாகும் என்பது ஏட்டுச் சுரைக்காயன்று. அன்றாட வாழ்க்கைப் பிரச்சினையாகும்.

இது குறித்து இரண்டு கருத்துகள் பெருவழக்காயுள்ளன. இசைக்கு மொழியில்லை, ஆதலின் அது தானாகவே உள்ளங்களை ஒன்றாக்கும் என்பது ஒன்று. இசை ஓர் இனத்தின் ஆன்மா, ஆதலின் பிற இசையின் கலப்பு ஆபத்தானது என்பது மற்றையது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும் இவ்விரண்டும் ஒரே கருத்துமுதல்வாதத் தவற்றின் இரு முகங்களேயாகும். இரண்டும் இசையை அதனை ஆக்கும் மனிதரிடமிருந்தும், அம்மனிதரின் உழைப்பு, சமூக உறவுகள் ஆகியவற்றிலிருந்தும் பிரித்தெடுத்து, தன்னியல்பான ஆற்றல் கொண்ட ஒரு பொருளாகக் காண்கின்றன. இசை தோழமையை வளர்ப்பது எந்நிலைமைகளில், வளர்க்காதொழிவது எந்நிலைமைகளில் என்று வினவுவதே பொருத்தமானது. அவ்வினாவை வன்னியை மையமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உழைப்பும் லயமும்

ஜெர்மனியப் பொருளியலறிஞர் கார்ல் பூக்கர் 1896இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டு உழைப்பின் அசைவொழுங்கிலிருந்தே லயமும் பாட்டும் கிளைத்தன என்று வாதித்தார். பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன் இக்கருத்தை மார்க்சிய நோக்கில் வளர்த்துச் சென்றார். அவரிடம் பேர்மிங்ஹாமில் ஆய்வு மேற்கொண்ட க. கைலாசபதி வழியாக அச்சிந்தனை ஈழத்துத் தமிழாய்விலும் வேரூன்றியது. இசையின் தோற்றம் முழுவதையும் உழைப்பொன்றினால் விளக்கிவிட இயலாது என்பதை இன்றைய ஆய்வாளர் சுட்டுவர். எனினும், பலர் கூடி ஒரே காலவொழுங்கில் உடலை அசைப்பதற்கும் அவரிடையே பிணைப்பு உண்டாவதற்கும் தொடர்புண்டு என்ற அடிப்படை உண்மை வலுவிழக்கவில்லை.

வன்னி இதனை அறிவதற்கு ஏற்ற நிலம். குளமும் வயலும் காடும் வாழ்வைத் தீர்மானித்த இப்பிரதேசத்தில் விதைப்பு, காவல், அரிவுவெட்டு, சூடடிப்பு என ஒவ்வொரு தொழிலையும் சார்ந்து பாடல்கள் வழங்கின. பயிரை அழிக்கும் குருவியும் பன்றியும்கூடப் பள்ளுப் பாடல்களின் பொருளாயின. வரிசையாய் நின்று நெல்லரிவோர்க்குப் பாட்டு பொழுதுபோக்கன்று. பத்து அரிவாள்கள் ஒரு போக்கில் செல்வதற்கும், பின்தங்குபவரை இழுத்துச் செல்வதற்கும், களைப்பைப் பகிர்வதற்கும் உரிய கருவி அது.

கூடி இசைக்கும்போது நிகழ்வது என்ன? மத்தளக்காரன் ஒருவன் கூத்தாடுபவனின் காலைப் பார்த்து அடிக்கின்றான். ஆடுபவன் அடியைக் கேட்டுக் கால் வைக்கின்றான். பிற்பாட்டுக்காரர் இருவரையும் கவனித்துப் பாட்டை எடுக்கின்றனர். மூவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்து, விட்டுக்கொடுத்து, தவறியவனைத் தாங்கிக்கொள்ள வேண்டியவராகின்றனர். சமூகவியலறிஞர் அல்பிரட் ஷூற்ஸ் 1951இல் எழுதிய கட்டுரையொன்றில், சேர்ந்து இசைப்போர் ஒரே உள்நேரத்தை உடனிருந்து வாழ்கின்றனர் என்றும், சொல்லால் உரையாடுவதற்கு முன்பே ஒருவரோடொருவர் சுருதி கூடுகின்றனர் என்றும் விளக்கினார். பிறர் இசையைக் கேட்டு மகிழ்வது வேறு. பிறரோடு இசைப்பது வேறு. முன்னையது நுகர்வு; பின்னையது கூட்டுற்பத்தி. தோழமைக்கு வித்தாவது பின்னையதே.

ஆயினும் இங்கும் எச்சரிக்கை வேண்டும். வரலாற்றாசிரியர் வில்லியம் மக்னீல் 1995இல் வெளியிட்ட நூலில் ஊர் நடனத்தையும் படையணிப் பயிற்சியையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். ஒத்த அசைவு பிணைப்பை உண்டாக்கும். அப்பிணைப்பு யாரை உள்ளே கொள்ளும், யாரை வெளியே தள்ளும் என்பதை லயம் தீர்மானிப்பதில்லை. வன்னி மக்களுக்கு இதைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. போர் நடந்த தசாப்தங்களில் இரு தரப்பும் பாடலைப் படைதிரட்டும் கருவியாகப் பயன்படுத்தியதை அவர்கள் கண்டவர்கள்.

2. பொது மரபின் தடங்கள்

வன்னியின் பண்பாட்டைத் தனித்த ஒன்றாகக் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. யாழ்ப்பாண அரசுக்கும் தெற்கத்திய அரசுகளுக்கும் இடைப்பட்ட நிலமாக விளங்கிய இங்கு, வவுனியாவின் தெற்கே சிங்களக் கிராமங்களும், முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முதலிய இடங்களில் முஸ்லிம் குடியிருப்புகளும், இவற்றைச் சூழத் தமிழ்க் கிராமங்களும் அமைந்தன. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களைத் தொடர்ந்து மலையகத் தமிழர் பலர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறியபோது, தப்பும் காமன்கூத்தும் பற்றிய நினைவுகளும் அவர்களோடு வந்து சேர்ந்தன.

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் வன்னியின் பெருவிழா. கடலிலிருந்து எடுத்துவந்த நீரில் விளக்கெரிப்பதும், கண்ணகி கதையைப் பாடுவதும் அதன் சிறப்புக் கூறுகள். இதே தெய்வத்தைச் சிங்கள மக்கள் பத்தினி தெய்யோ என வணங்குவர்; கம்மடுவச் சடங்கில் அவள் கதை பாடலாகவும் ஆடலாகவும் இரவு முழுவதும் நிகழ்த்தப்படும். கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பெருநூல் இவ்வழிபாட்டின் பரப்பை விரிவாக ஆராய்ந்துள்ளது. சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவிற்கு இலங்கைக் கயவாகு மன்னன் வந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறுவதையும் இங்கு நினைவுகொள்ளலாம். ஒரே கதையை இரு மொழியிலும் உடுக்கொலியுடன் பாடிய மக்கள் இவர்கள்.

சொற்களும் சான்று பகர்கின்றன. சிங்களத்தில் பாட்டைக் குறிக்கும் ‘சிந்துவ’ என்ற சொல் நமது சிந்தினின்றும் பிறந்தது. தவில் அங்கு ‘தவுல’ ஆயிற்று. தம்பட்டம் ‘தம்மெட்டம’ ஆயிற்று. உடுக்கு ‘உடெக்கி’ ஆயிற்று. சிங்கள நாடகம என்னும் அரங்க வடிவத்தின் பெயர், மத்தளம், பாவகைகள் ஆகியன தமிழ்க் கூத்தோடு அதற்குள்ள உறவைக் காட்டுவன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிறந்த பிலிப்பு சிங்ஞோ சிங்களத்தில் ஆக்கிய நாடகமங்களுள் ஒன்று மூன்று இராசாக்களின் கதையாகும். மன்னார்க் கத்தோலிக்கர் ஆடிய மூவிராசாக்கள் நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்தார். வன்னிக் காட்டின் மேற்கெல்லையில், மடுமாதாவின் ஆவணித் திருவிழாவிற்குத் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே யாத்திரை வந்தமையை நோக்கின், ஒரு கதை இரு மொழிகளிலும் பாட்டாகியமை வியப்பன்று.

எனினும், இப்பழமையைப் பொற்காலமாக வருணித்தல் தவறாகும். தமிழரிடையே பறை முழக்கியோரும் சிங்களவரிடையே பெறவா எனப்பட்ட மேளகாரரும் சாதியமைப்பின் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டோர். அவர்களின் இசை ஊருக்கு வேண்டியிருந்தது. அவர்களின் சமத்துவம் ஊருக்கு வேண்டியிருக்கவில்லை. நூற்றாண்டுக் கணக்காக ஒரே வீதியில் ஒருவர் முழக்க மற்றவர் நடந்தபோதும் அது தோழமையாகவில்லை. ஒருவரின் இசையை மற்றவர் ஏவலாகப் பெறும்போது கூட்டுப் பயில்வு இல்லை, சேவகமே உண்டு. இசையால் விளையும் நட்புக்குச் சமநிலை முதல் நிபந்தனை என்பதை நமது சமூகத்தின் உள்வரலாறே கற்பிக்கின்றது.

3. பிரிவினை எவ்வாறு நேர்ந்தது?

இத்தனை உறவுடைய இசைகள் இன்று அந்நியமாகத் தோன்றுவது ஏன்? இதற்கு விடை தொல்பழங்காலத்திலன்று, இருபதாம் நூற்றாண்டின் நடுத்தர வர்க்கத்தின் பண்பாட்டு அரசியலில் உள்ளது.

தேசிய எழுச்சிக் காலத்தில் சிங்கள நடுத்தர வர்க்கத்தினர் தமது ‘சாஸ்திரிய’ இசையைத் தேடி வட இந்தியாவுக்குச் சென்றனர். லக்னோவின் பாத்கண்டே கல்லூரி அவர்களது திருத்தலமாயிற்று. தமிழ் நடுத்தர வர்க்கத்தினர் சென்னையையும் அண்ணாமலையையும் நோக்கினர். 1960இல் மருதனார்மடத்தில் உருவான இராமநாதன் இசைக்கல்லூரி 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1950களின் முற்பகுதியில் இலங்கை வானொலியின் சிங்களக் கலைஞரைத் தரப்படுத்த வட இந்திய அறிஞர் ரத்தன்ஜங்கர் அழைக்கப்பட்டார். பாடகர் சுனில் சாந்த அத்தேர்வுக்குத் தோன்ற மறுத்தார். ஒரு சாரார் இந்துஸ்தானிக்கும் மறு சாரார் கருநாடக சங்கீதத்துக்கும் போயினர். இருவரையும் இணைத்த கூத்தும் நாடகமும் கிராமியம் என ஒதுக்கப்பட்டன. பாடசாலைகளும் இப்பிரிவையே பயிற்றின. ச ரி க ம ப த நி என்ற சுரங்கள் இருவர்க்கும் பொது. நமது மோகனம் அவர்களுக்குப் பூபாளி, நமது கல்யாணி அவர்களுக்கு யமன். ஆயினும் இதனை இரு பக்க மாணவர்க்கும் ஒரே வகுப்பிற் சொல்லிக் கொடுப்பாரில்லை.

இப்போக்கை எதிர்த்து எழுந்த முயற்சிகளும் உண்டு. 1956 நவம்பரில் எதிரிவீர சரச்சந்திர நாடகம மரபைத் தழுவி ‘மனமே’யை மேடையேற்றினார். தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். அரசியல் மேலாதிக்கம் தமிழை விலக்கிய வேளையில், சிங்கள அரங்கின் மறுமலர்ச்சி தமிழ்க் கூத்தின் உறவினமான வடிவத்திலிருந்து உயிர் பெற்றது. முரண்பாட்டின் இயங்கியல் இதனினும் தெளிவாக வெளிப்படுவது அரிது. பேராதனையில் அவரது சக ஆசிரியரான வித்தியானந்தன் அத்தூண்டுதலுடன் மட்டக்களப்புக் கூத்தைச் செம்மைப்படுத்தி, கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) முதலியவற்றை மேடையேற்றினார். இரு அறிஞரிடையே ஏற்பட்ட பரிமாற்றம் இரு மொழி அரங்குகளையும் வளம்படுத்திற்று.

ஆனால் அது எதையெல்லாம் தடுக்க இயலவில்லை என்பதையும் கூறவேண்டும். சிங்களத் திரையிசையை உருவாக்கியோருள் ஆர். முத்துசாமியும் எம். றொக்சாமியும் தமிழர், அதன் புகழ்பெற்ற குரல்களுள் ஒன்றான மொஹிதீன் பேக் சேலத்திற் பிறந்த முஸ்லிம். அவர்களின் பாடல்களை முணுமுணுத்த நகரிலேயே 1983 ஜூலையில் தமிழர் வீடுகள் எரிந்தன. திரைப்பட நெறியாளர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். கேட்போருக்கு அப்பாடல்கள் ஒரு பண்டமாக வந்தடைந்தன. அதனை ஆக்கியோரின் கூட்டுழைப்பு அவர்கள் கண்ணுக்கு மறைந்தே இருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்துள் தோழமை இருந்திருக்கலாம். அது கூடத்தைத் தாண்டிச் சமூக உறவாக மாறுவதற்கு வேண்டிய அரசியல் இயக்கம் இருக்கவில்லை.

4. முல்லைத்தீவின் வயலின்கள்

2009இல் போர் முடிவுற்றபோது வன்னியின் பாடசாலைகள் சிதைந்து கிடந்தன. பின்வந்த ஆண்டுகளில் ஷாலினி விக்கிரமசூரிய என்பார் நிறுவிய ‘த மியூசிக் புறொஜெக்ற்’ முல்லைத்தீவுப் பாடசாலைகளிலும் குருநாகல் மாவட்டப் பாடசாலைகளிலும் பிள்ளைகளுக்கு வயலின், செலோ, குழல் முதலிய மேனாட்டு இசைக்கருவிகளைக் கற்பிக்கத் தொடங்கியது. வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடக்கிய இளையோர் இசைக்குழு இயக்கமே இதற்கு முன்மாதிரி. இரு மாவட்டப் பிள்ளைகளும் தத்தம் ஊரிற் பயின்று, பின்னர் ஒன்றுகூடி ஒரே இசைக்குழுவாக வாசிக்கின்றனர்.

இவ்வமைப்பிற் கவனிக்கத்தக்கது, தொடக்கப் புள்ளியின் சமத்துவமாகும். தமிழ்ப் பிள்ளை அறிந்த வயலின் தரையில் அமர்ந்து, ச-ப-ச-ப எனச் சுருதி கூட்டி வாசிப்பது. இங்கு அதே கருவியை வேறு சுருதியில், வேறு நிலையில், தாளிலுள்ள குறியீட்டைப் பார்த்து வாசிக்க வேண்டும். சிங்களப் பிள்ளைக்கும் இது புதிதே. எவரும் எவருக்கும் விருந்தினரல்லர். எவருடைய மரபும் மற்றவருடையதைத் தீர்ப்பிடும் அளவுகோலன்று. மேலும், இசைக்குழு என்பது ஒரு நாளில் முடியும் காரியமன்று. ஒரே எட்டு அட்சரத்தை நாற்பது தடவை வாசித்து, நாற்பதாவது தடவையில் ஒன்றாக முடித்து நிமிரும்போது, பக்கத்து நாற்காலியிலிருப்பவர் ‘சிங்களவர்’ அல்லது ‘தமிழர்’ என்ற பொதுப்பெயரிலிருந்து நீங்கி, வில்லை எப்போதும் சற்று முந்தி இழுக்கும் ஒரு குறிப்பிட்ட மனிதராகிவிடுகின்றார். நட்பின் தொடக்கம் இந்தக் குறிப்பான அறிவே.

அதேவேளை இதன் எல்லைகளையும் நேர்மையுடன் நோக்க வேண்டும். இரு சமூகத்துக்கும் பொதுவான களமாக மேனாட்டு இசை அமைவது, ஆங்கிலம் நமக்கு இணைப்பு மொழியாகியமை போன்ற ஒரு நிலையே. குடியேற்றவாதம் விட்டுச்சென்ற நடுநிலை அது. பயனுண்டு, ஆயின் அதனோடு நின்றுவிட்டால், மத்தளமும் உடுக்கும் நம்மிடையே ஏற்கெனவே கட்டிய பாலத்தை அறியாமலே ஒரு தலைமுறை வளரும்.

பெரிய எல்லை வேறொன்று. முல்லைத்தீவின் கேப்பாபுலவு மக்கள் இராணுவத்தின் கையிலிருந்த தம் காணிகளைக் கேட்டு 2017இன் தொடக்கத்தில் வீதியோரத்தில் அமர்ந்தனர். அதே ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தம் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். மணலாற்றுப் பகுதியிலிருந்து 1984இல் வெளியேற்றப்பட்ட தமிழ்க் கிராமத்தவரின் நிலப் பிரச்சினையும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் மீள்குடியேற்றப் பிரச்சினையும் நெடுங்காலம் தொடர்ந்தன. இத்தகைய மண்ணில், இரு இனப் பிள்ளைகளை ஒரு மேடையில் நிறுத்திப் பாடவைத்துப் படமெடுத்து, அதற்கு ‘நல்லிணக்கம்’ எனப் பெயரிடுவோர் உளர். தாயொருத்தி தன் மகனைத் தேடும் வீதியில், அவளைக் கடந்து சென்று கேட்கப்படும் இசை நிகழ்ச்சி நட்பை வளர்ப்பதில்லை. அவளது கேள்வியை அமுக்குவதற்கே பயன்படும்.

இஸ்ரேலிய, பலஸ்தீன, அரபு இளைஞர்களைக் கொண்டு டானியல் பரன்போய்மும் எட்வேட் சயித்தும் 1999இல் வைமார் நகரில் தொடக்கிய இசைக்குழு இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. இசை சமாதானத்தைக் கொண்டுவரும் என்று அவர்கள் உரிமை கோரவில்லை. மற்றவரை அறியாதிருக்கும் நிலையை உடைப்பதே அவர்களது குறிக்கோள். பலஸ்தீனத்தின் நில உரிமை பற்றிப் பேசுவதைச் சயித் இசையின் பொருட்டு ஒருபோதும் நிறுத்தவுமில்லை. இரண்டையும் ஒருங்கே செய்தமையே அம்முயற்சியின் நேர்மை.

5. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, கூட்டு இசை பண்பாடுகளைக் கடந்த நட்பை உருவாக்குவதற்கு மூன்று நிபந்தனைகளை நாம் வகுக்கலாம். முதலாவது, பங்குகொள்வோர் சமமானவராக இருத்தல். ஒருவர் இசைக்க மற்றவர் ஏவும் உறவில் அது சாத்தியமன்று. இரண்டாவது, ஒருநாள் மேடைக்குப் பதிலாக நீண்டகாலக் கூட்டுழைப்பு இருத்தல். நட்பு அரங்கேற்றத்தில் அன்று, ஒத்திகையிலேயே பிறக்கின்றது. மூன்றாவது, ஒத்திகைக்குப் பின் நண்பர் ஒருவரின் அநீதியை மற்றவர் காண மறுக்காதிருத்தல். முல்லைத்தீவுப் பிள்ளையோடு வாசித்த குருநாகற் பிள்ளை, ‘உன் வீடு எங்கே?’ என்று வினவி, அதற்குரிய விடையை முழுமையாகக் கேட்குமாயின், ஆங்கு இசை தன் பணியைச் செய்துவிட்டது எனலாம். அவ்வினாவைத் தவிர்ப்பதற்காக இசைக்கப்படுவது எத்துணை இனிமையாயினும் பயனற்றது.

இந்நோக்கில், 2016இன் கைகலப்புக்கு ‘கண்டிய மேளம் கூடாது’ என்பதும் விடையன்று. ‘இரண்டையும் அடுத்தடுத்து ஒலித்துவிடுவோம்’ என்பதும் விடையன்று. அடுத்தடுத்து ஒலிப்பது போட்டியையே மிகுவிக்கும். பெரும்பான்மை அரசின் பலம் ஒரு மேளத்தின் பின்னால் நிற்பதாக மற்றவர் அஞ்சும்போது, ஓசையின் அளவே அதிகாரத்தின் அளவாகக் கணிக்கப்படும். அவ்வச்சத்துக்குக் காரணமான நிலைமைகளை மாற்றும் போராட்டம் அரசியலுக்குரியது. அதனை எந்த மேளமும் ஈடுசெய்யாது.

ஆயினும் அப்போராட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பது நமது கருத்தன்று. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பயிலும் மாணவர், வன்னியின் அண்ணாவி ஒருவரையும் தெற்கின் நாடகம குரு ஒருவரையும் அழைத்து, ஒரு பருவகாலம் முழுவதும் ஒரே கூத்தை இரு மொழியிலும் பழகலாம். மத்தளத்தைச் சிங்கள மாணவனும் தவுலைத் தமிழ் மாணவியும் கையிலெடுக்கலாம். பறையும் றபானும் அதில் ஒதுக்கப்படாதிருக்க வேண்டும். பார்வையாளர் எவரும் வராவிடினும் குறையில்லை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுவிழா மேடைக்குச் செலவிடும் முயற்சியில் ஒரு பகுதியை இத்தகைய ஒத்திகைக்குச் செலவிடுமாயின், அது தமிழின் தனித்துவத்தைக் குறைக்காது. அத்தனித்துவம் எத்தனை பேரோடு உறவாடி வளர்ந்தது என்பதையே உணர்த்தும்.

வன்னியின் வயலில் அரிவுப் பாட்டுப் பாடியவர்கள் ஒற்றுமை வேண்டும் என்பதற்காகப் பாடவில்லை. வெட்ட வேண்டிய கதிர் முன்னால் இருந்தது, அதற்காகச் சேர்ந்து பாடினர், பாடியதால் நெருங்கினர். இன்றும் நம் முன்னால் செய்துமுடிக்க வேண்டிய வேலை உண்டு. அவ்வேலையின் பாட்டாக அமையும்போதே இசை தோழமையின் குரலாகும்.